ஏவால்ட் லோசேயின் காது

எங்கள் ஹார்ஸ் மலைப் பக்கத்தில் பாட்டுப் போட்டிக்குக் கேனரிப் பறவை வளர்க்கிறவர்களுக்கு ஏவால்ட் லோசே என்றால் ஒரு பயம் உண்டு. ஆள் பார்க்கப் பயமுறுத்துகிற மாதிரி இருக்கமாட்டார். குள்ளம், தடித்த கழுத்து, வலது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். முப்பத்தெட்டு வருடம் மர அறுவை ஆலையில் வட்ட ரம்பத்துக்கு எதிரே நின்றவர். ஆனால் போட்டி நாளன்று நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாரென்றால், வெளியே கூடத்தில் காத்திருக்கிற இருபது பேருக்கும் காபி இறங்காது.

யாருக்காகவும் ஒரு புள்ளி கூட்டிப் போட்டவரில்லை. மனைவியின் தம்பி வில்ஃபிரீடின் பறவை மூக்கால் பாடுகிறது என்று மூன்று புள்ளி குறைத்தார். அதற்காக வில்ஃபிரீட் இரண்டு கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டு வாத்துக் கறியைச் சாப்பிட வரவில்லை. ஏவால்ட் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. "பறவை மச்சானோடதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் யோப்ஸ்ட். தபால் நிலையத்தில் வேலை. எங்கள் சங்கத்துக்குப் பதினோரு வருடம் செயலாளராக இருந்தேன். போட்டியன்று ஏவால்ட் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்கிற புள்ளிகளைத் தாளில் எழுதுவது என் வேலை. அதனால் இதைச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை. சொல்லாமல் இருந்ததும் நான்தான்.

ஒருவர் கொண்டுவருகிற கூட்டணிக்கு நான்கு ஆண் பறவைகள். சின்னச் சின்ன மரக்கூண்டுகள், முன்னால் இரண்டு கதவு. கதவு மூடியிருக்கும்வரை உள்ளே அரையிருட்டு, பறவை சும்மா இருக்கும். நான்கு கூண்டையும் இரண்டின்மேல் இரண்டாக மேஜையில் அடுக்கிக் கதவுகளைத் திறப்போம். வெளிச்சம் பட்டதும் சிலிர்த்துக்கொண்டு ஒன்று தொடங்கும், மற்றவை சேர்ந்துகொள்ளும். எங்கள் பறவைகள் வாய் திறந்து கத்துகிற ஜாதி இல்லை. அலகை மூடிக்கொண்டே தொண்டைக்குள் உருட்டும். ஆழமான உருட்டு, அடிக்குரல், குழல், மணி என்று ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கட்டம். கடைசிக் கட்டம் தவறுகளுக்கு. பாட்டின் நடுவே கூர்மையாக ஒரு 'ச்சிட்' விழுந்தால் அது அங்கே போகும், புள்ளி குறையும். சொந்தக்காரர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. கூண்டின்மேல் எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது அந்த எண்களை ஒட்டிய எனக்குத்தான் தெரியும்.

எண்பத்தைந்து ஜனவரி போட்டிக்கு ஒன்பது கூட்டணிகள் வந்திருந்தன. ஏழாம் எண் கெர்லிண்டே காஸ்டனுடையது.

கெர்லிண்டே கீழ்ப் பள்ளத்தாக்கில் ரொட்டிக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். சங்கத்தில் ஒரே பெண். எட்டு வருடமாகப் பறவைகளோடு வந்துகொண்டிருந்தாள், எட்டு வருடமும் கடைசி மூன்று இடங்களில் ஒன்றோடு திரும்பிப் போனாள். ஆண்கள் கிண்டல் செய்யாமல் இருப்பார்களா? உன் பறவை உருட்டுகிறதா, மாவு பிசைகிறதா என்பார்கள். அவளும் விடமாட்டாள். "பிசைஞ்சாத்தான் உப்பும். உங்களுது பிசையாமலே உப்பிக் கெடக்கு" என்று அவர்களுடைய வயிற்றைப் பார்ப்பாள். ஆனால் முடிவு வாசிக்கிற நேரத்தில் அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நிற்பதை நான் எட்டு முறையும் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் அவளுடைய பறவைகள் நன்றாகவே பாடின. மூன்று பறவைகள் சுத்தம். மேலே இடதுபக்கம் இருந்த நான்காவதுதான் எல்லாவற்றையும்விட ஆழமாக உருட்டியது. அப்படி ஒரு அடிக்குரலை போட்டி நடக்கிற விடுதிப் பின்னறையில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே இருக்கும்போது உருட்டு முடிகிற இடத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு 'ச்சிட்'. கொஞ்சம் கழித்து மறுபடி. மூன்றாம் முறையும் வந்தது.

வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டதும் என் பென்சில் தானாகக் கடைசிக் கட்டத்துக்குப் போய் நின்றுவிடும். ஏவால்ட் சொன்னதும் எழுத வசதியாக இருக்கட்டும் என்று பழகிய பழக்கம். அன்று நான் கையை நகர்த்தவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன். அவராகச் சொன்னால் எழுதுவோம், நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அரைமணி முடிந்து கூண்டுகளை மூடினோம். ஏவால்ட் கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும், "தவறு ஒண்ணுமில்ல" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அது மிகவும் நிம்மதியாக இருந்தது. பூஜ்யம் என்று எழுதினேன். கிழவர் இந்த ஒரு தடவை இரக்கப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். எண் யாருடையது என்பதே அவருக்குத் தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

கெர்லிண்டேவுக்கு முதலிடம். கூடத்தில் கைதட்டினார்கள், கிண்டல் செய்தவர்களும்தான். அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. நேராக ஏவால்டிடம் வந்து, அந்த மேல்கூண்டுப் பறவை பாட்டின் கடைசியில் ஏதோ ஒரு சத்தம் போடுகிறதே, எனக்கு அது சரியாகப் படவில்லையே என்று கேட்டாள். நான் பக்கத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன்.

"அது மணி முடியிற இடம்மா" என்றார் ஏவால்ட். "நாள் பூரா கடைக் கதவு மணியையே கேட்ட காது ஒனக்கு. எல்லாம் அப்படித்தான் கேக்கும். இந்தப் பறவையத்தான் இனி வாத்தியாரா வச்சுக்க. மத்ததெல்லாம் எதுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தன் காதைவிட ஏவால்டின் காதை அவள் நம்பினாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நம்பினோம்.

அவர் சொன்னபடியே செய்தாள். பழைய ஆண் பறவைகளை ஒவ்வொன்றாகத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு பறவையை வைத்து வசந்தத்தில் இனம் பெருக்கினாள். முட்டையும் ரஸ்க் தூளும் பிசைந்து ஊட்டி இருபத்திரண்டு இளம் ஆண்களை வளர்த்து எடுத்தாள். இலையுதிர் காலத்தில் இளசுகள் பாட்டுப் பழகுகிற நேரம் வந்ததும், அவற்றின் நடுவே அதன் கூண்டை மாட்டினாள். இளம் பறவை கேட்டதைத்தான் பாடும். நல்லது எது கெட்டது எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது.

அடுத்த ஜனவரியில் வட்டாரப் போட்டி வேறொரு ஊரில் நடந்தது. நடுவரும் வெளியூர்க்காரர். அவளிடம் கார் இல்லாததால் நான் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு கூண்டையும் போர்வையில் சுற்றி, நடுவில் வெந்நீர்ப் பையை வைத்துப் பின் இருக்கையில் அவள் அணைத்துப் பிடித்தபடியே வந்தாள். வழியெல்லாம் பனி. நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன். அவள் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள், எல்லாம் பறவைகளைப் பற்றித்தான்.

அங்கே பட்டாணி சூப் குடித்தபடி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தாள் வந்தது. உருட்டுக் கட்டத்தில் புள்ளிகள் ஏராளம். கடைசிக் கட்டத்தில் நான்கு பறவைகளுக்கும் அத்தனையும் போய்விட்டது. கடைசி இடம் என்று சொல்லக்கூட இல்லை, வரிசையிலேயே சேர்க்கவில்லை. அந்த நடுவர் நல்ல மனிதர். தனியாகக் கூப்பிட்டு, குரல் அருமையான குரல், ஆனால் அந்தக் கீச்சு இவற்றின் பாட்டில் ஊறிவிட்டது, இனி போகாது, இந்தப் பறவைகளை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள் என்று சொன்னார். அந்தப் பக்கமாகப் போன ஒருவன் ரொட்டிக்காரியின் பறவைகள் ரயிலுக்கு விசில் அடிக்கின்றன என்று தன் நண்பனிடம் சொல்வதும் எங்களுக்குக் கேட்டது.

திரும்பி வரும்போது பாதி தூரம் வந்திருந்தோம். பின் இருக்கையிலிருந்து அவள் குரல் வந்தது.

"யோப்ஸ்ட், போன வருஷம் நீங்கதான பக்கத்துல ஒக்காந்து எழுதினீங்க?"

"ஆமா."

"ஒங்களுக்குக் கேக்கலையா?"

பொய் சொல்ல நினைத்தேன். கண்ணாடியில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "அப்போ அந்த ரூம்ல ரெண்டு பேர் இருந்தும் ஒருத்தரும் சொல்லல" என்றாள்.

அடுத்த ஞாயிறு மதியம் அவள் ஏவால்ட் வீட்டுக்குப் போகிறேன் என்று போன் செய்தாள். நீங்களும் வாருங்கள் என்று கூப்பிடவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். நானாகப் போனேன். சமையலறையில் ஏவால்டும் அவருடைய மனைவி எல்ஃப்ரீடேவும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கெர்லிண்டே துணி சுற்றிய ஒரு கூண்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, எதுவும் சொல்லாமல் கதவைத் திறந்தாள்.

பறவை ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்துவிட்டுப் பாடத் தொடங்கியது. ஏவால்ட் வழக்கம்போலக் கண்ணை மூடினார். அழகான ஆழம், அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்றார். கெர்லிண்டே ஆள்காட்டி விரலால் மேஜையை ஒருமுறை தட்டினாள். கொஞ்சம் கழித்து மறுபடி தட்டினாள். ஒவ்வொரு 'ச்சிட்'டுக்கும் ஒரு தட்டு. நான்காவது தட்டில் ஏவால்ட் கண்ணைத் திறந்து அவள் விரலைப் பார்த்தார். பறவையைப் பார்த்தார். அதன் தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. விரல் மறுபடி தட்டியது. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை, காது மட்டும் சிவந்தது.

எல்ஃப்ரீடே கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏவால்ட், அது வருது. எனக்கே கேக்குது. அவகிட்டச் சொல்லிடுங்க."

அவர் எழுந்து போய்க் கூண்டின் கதவை மூடினார். பறவை நிறுத்திக்கொண்டது. நின்றபடியே சொன்னார். நான்கு வருடமாகக் கீச்சென்ற மேல் சத்தங்கள் எதுவும் கேட்பதில்லை. வெந்நீர்க் கெண்டி கூவுவது கேட்காது, சுவர்க்கோழி கேட்காது. ரம்பத்தின் சத்தம் காதைத் தின்றுவிட்டது, திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதில் மாட்டுகிற கருவி மேஜை டிராயரில் கிடக்கிறது. அதை மாட்டிக்கொண்டு வந்தால் நடுவர் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று மாட்டவில்லை. அடிக்குரலும் உருட்டும் நன்றாகக் கேட்கின்றன. தவறுகள்தான் கேட்பதில்லை.

"அப்புறம் எப்படி நாலு வருஷம் ஓட்டினீங்க?" என்று கெர்லிண்டே கேட்டாள்.

ஏவால்ட் என் பக்கம் திரும்பினார். "இவன் கையப் பாத்துத்தான். நான் கண்ண முழுசா மூடமாட்டேன். தப்பு வந்தா இவன் பென்சில் கடைசிக் கட்டத்துக்குப் போகும். எத்தன தடவ போகுதோ அத்தன. ஒரு நாளும் பிசகினதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னிக்கு மட்டும் ஏன்டா ஒன் கை அசையல?"

பறவைக் கூண்டில் விதை உமி ஒன்று ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்ஃப்ரீடே எனக்கும் ஒரு கோப்பை காபி ஊற்றினாள். அதை நான் தொடவில்லை.

கெர்லிண்டே கூண்டைத் துணியால் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். அவள் ஏவால்டிடம் சொன்னது ஒன்றுதான்: "நான் கேட்டப்போ தெரியலன்னு சொல்லியிருக்கலாம். என் காதப் பாத்து ஏன் சிரிச்சீங்க?" பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

நான் அவள் பின்னாலேயே இறங்கினேன். வாசலில் பனி வழுக்கியது, கூண்டைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். அங்கே வைத்துத்தான் சொன்னேன். எண் அவளுடையது என்று எனக்குத் தெரியும், எட்டு வருடம் அவள் நின்ற நிற்பை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கையை மடியில் வைத்துக்கொண்டேன் என்று.

அவள் நின்றாள். "எனக்காகவா?"

"ஆமா."

"நான் கேட்டனா?"

இந்த மூன்று வருடமாக இதற்கு நான் எத்தனையோ பதில் யோசித்திருக்கிறேன். அவள் கூண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துபோனாள்.

பிப்ரவரியில் சங்கக் கூட்டம். ஏவால்ட் சட்டையில் நடுவர் சின்னம் இல்லாமல், காதில் அந்தப் பழுப்பு நிறக் கருவியோடு வந்தார். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை. நான் போன கூட்டத்தின் குறிப்பை வாசித்து முடித்ததும் அவராக எழுந்தார். நான்கு வருடமாகக் காது சரியாக இல்லாமல் நடுவராக இருந்தேன், தெரிந்தே இருந்தேன், கெர்லிண்டேவின் பறவைகள் கெட்டதற்கு நான்தான் காரணம் என்றார். பெரிய பேச்சாகப் பேசவில்லை. ஆலையில் இயந்திரம் பழுதானால் மேஸ்திரியிடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

பிறகு எல்லோரும் பேசினார்கள். நான்கு வருட முடிவுகளையும் ரத்து செய்ய வேண்டும் என்றார் ஒருவர். கிடைத்த கோப்பையை எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். வில்ஃபிரீட் பின் வரிசையிலிருந்து, "என் பறவைக்கு மட்டும் காது நல்லாக் கேட்டுச்சோ?" என்றார். அதற்குச் சிலர் சிரித்தார்கள். ஏவால்ட் சிரிக்கவில்லை. "அப்போ கேட்டுச்சு. அது அதுக்கு முந்தி. ஒன் பறவை மூக்காலதான் பாடுச்சு" என்றார்.

பென்சிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் உட்காரும்போது என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் எழுந்து சொல்லியிருக்கலாம். கூட்டக் குறிப்பு எழுதுகிற கை ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதினேன், என்னுடையதை எழுதவில்லை. அந்த வருடக் கடைசியில் வேலை அதிகம் என்று காரணம் சொல்லிச் செயலாளர் பதவியை விட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கெர்லிண்டே அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துச் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. இருபத்திரண்டு பறவைகளையும் பாட்டுக்காக இல்லாமல் ஜன்னலோரத்துக்கு ஆசைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஏவால்ட் தன்னுடைய சுத்தமான ஆண் பறவைகளில் இரண்டை எல்ஃப்ரீடேவிடம் கொடுத்து அனுப்பினார். கெர்லிண்டே ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஏன் ஒன்றை மட்டும் என்று எல்ஃப்ரீடேவுக்கும் தெரியவில்லை. அவளுடைய புதுப் பறவைகள் இன்னும் எந்த இடத்துக்கும் வரவில்லை. வந்திருந்தால் சங்கப் பத்திரிகையில் பார்த்திருப்பேன்.

நான் அவளுடைய கடைக்கு ரொட்டி வாங்கப் போவதுண்டு. வேறு கடை இல்லாமல் இல்லை. அவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "வேற ஏதாவது?" என்று எல்லோரிடமும் கேட்பதுபோல என்னிடமும் கேட்பாள். எனக்கும் வேறு ஏதாவது இருக்கிறது. ஆனால் பின்னால் எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன்.

ஏவால்ட் பறவைகளை விடவில்லை. ஆனால் அந்தக் கருவி வழியாகக் கேட்டால் கேனரி தகர டப்பாவில் கரண்டி விழுகிற மாதிரி இருக்கிறது என்பார். கழற்றி வைத்துவிட்டு, கூண்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உருட்டு மரத்தில் அதிரும், அது போதும் என்பார். நான் போனால் எல்ஃப்ரீடே காபி வைப்பாள், அவர் பனியைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசுவார். அன்று ஏன் உன் கை அசையவில்லை என்று அவர் மறுபடி கேட்டதே இல்லை.

போன நவம்பரில் அவர் செத்துப்போனார். மாரடைப்பு, காலையில், பறவைகளுக்குத் தண்ணீர் மாற்றும்போது. அடக்கம் முடிந்து விடுதியில் காபி ஏற்பாடு செய்திருந்தார்கள். கேக் தட்டுகளைக் கெர்லிண்டேவின் கடையிலிருந்து வாங்கியிருந்தார்கள். அவளே கொண்டுவந்து, கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் துண்டு போட்டு எல்லோருக்கும் வைத்தாள். என் தட்டிலும் ஒரு துண்டு வைத்தாள். பிறகு எல்ஃப்ரீடே பக்கத்தில் போய் உட்கார்ந்து, மிச்சமிருக்கிற பறவைகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். எல்ஃப்ரீடே தெரியவில்லை என்றாள். கெர்லிண்டே, நாளைக்குக் கடை முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்றாள்.

எத்தனை மணிக்கு என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் என் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.